கோடு எங்கே உடைகிறது

மைத்துனருடைய பழைய காரின் கதவில் ஒரு ஒடுக்கு. உள்ளங்கை அளவுதான் இருக்கும். தெருவில் நிறுத்தியிருந்தபோது யாரோ இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். டிங்கரிங் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மேஸ்திரி ஒடுக்கைப் பார்க்கவில்லை. கதவில் தெரிந்த ட்யூப்லைட்டைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து தலையை இப்படியும் அப்படியும் மெல்ல நகர்த்தினார். அந்த வெள்ளைக் கோடு கதவின்மேல் ஊர்ந்து போய் ஓரிடத்தில் நெளிந்தது.

“இங்கதான் சார் கோடு உடையுது” என்றார்.

நான் ஒடுக்கைத் தொட்டுக் காட்டினேன். அவர் சாக்பீஸால் போட்ட வட்டம் ஒடுக்கைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒடுக்கே இல்லாத இடத்திலெல்லாம் பட்டி பூசி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பில்லை ஏற்றும் வித்தை என்று முதலில் தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. கேட்டும்விட்டேன்: “அடி பட்டது இத்தனூண்டு இடம். பட்டி எதுக்கு இவ்வளவு தூரம் போயிருக்கு?”

“ஒடுக்கை மட்டும் ரொப்பினா ஒடுக்கு போயிடும் சார். தழும்பு நிக்கும்.”

அந்தப் பதில் எனக்கு அன்று புரியவில்லை. புரியத் தொடங்கியது, சம்பந்தமே இல்லாத ஒரு வாசிப்பின் நடுவில். இங்கிலாந்தில் கார்களுக்கு உடல் வரைந்த ஒரு கணக்குக்காரரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெயர் மால்கம் சேயர். 1916-இல் நார்ஃபோக் கடற்கரை ஊரான குரோமரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிஸ்டல் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். போருக்குப் பிறகு சில காலம் பாக்தாத்தில் இருந்தார். 1950-களின் தொடக்கத்தில் கோவென்ட்ரி நகரத்து ஜாகுவார் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். கார்களின் புறத்தோற்றத்தை வடிவமைப்பவர்களை ‘ஸ்டைலிஸ்ட்’ என்று சொல்வது அன்றைய வழக்கம். அந்தச் சொல் அவருக்குப் பிடிக்காது. தன்னைக் காற்றியல் பொறியாளர் என்றே கருதினார். கரித்துண்டை எடுத்துக் கை போன போக்கில் கோடு இழுக்கிற ஆள் அவர் இல்லை. ஸ்லைடு ரூலும் மடக்கை அட்டவணையும்தான் அவர் கருவிகள். காரின் நடுக்கோட்டிலிருந்து இத்தனை அங்குலம் விலகி, தரையிலிருந்து இத்தனை அங்குலம் உயரத்தில், மூக்கிலிருந்து இத்தனை அங்குலம் பின்னால் என்று எண்களாகவே எழுதிக்கொண்டு போவார். காகிதத்தில் அவை வெறும் பத்திகள். தகட்டில் ஏற்றினால் உடல்.

அப்படிப் பிறந்த சி-டைப் 1951-இலும் 1953-இலும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அடுத்து வந்த டி-டைப் 1955, 1956, 1957 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. (அவற்றுள் 1955-ஆம் ஆண்டின் வெற்றியை யாரும் கொண்டாட முடியாது. பார்வையாளர்களிடையே ஒரு கார் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த பந்தயம் அது.) பந்தயத்துக்கென்று கற்ற கணக்கைச் சாலைக்கு இறக்கியபோது வந்தது இ-டைப். 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அதை அறிமுகம் செய்தார்கள். ஒரே ஒரு கூப்பேயை வைத்துக்கொண்டு ஓட்டிப்பார்க்க வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் கூரை திறந்த இன்னொரு காரைக் கோவென்ட்ரியிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு ஜெனீவா போய்ச் சேர்ந்தார்.

படத்தில் பார்த்திருப்பீர்கள். நீளம் ஏறத்தாழ 4.45 மீட்டர். கூரையின் உயரம் வெறும் 1.22 மீட்டர், அதாவது நிற்கும் ஆளின் இடுப்புக்குச் சற்று மேலே. அந்த நீளத்தில் பாதியை விழுங்கிக்கொண்டு ஒரு பானட். அதன் நடுவே முதுகெலும்பு போல ஒரு புடைப்பு. உள்ளே நிற்கும் ஆறு சிலிண்டர் என்ஜின் உயரமானது, தகடு அதற்கு இடம் விட்டாக வேண்டும், அதனால் வந்த புடைப்பு. முன்னால் மீனின் வாய் போல நீள்வட்டத் துளை. விளக்குகளின்மேல் கண்ணாடி மூடி. அந்தக் கண்ணாடியும் சுற்றியிருக்கும் தகட்டின் வளைவையே தானும் தொடர்ந்தது. எங்கே வெட்டிப் பார்த்தாலும் நீள்வட்டத்தின் சாயல்.

ஏன் நீள்வட்டம்? வட்டம் போதாதா?

இதைப் பலரிடம் கேட்டால் ‘தங்க விகிதம்’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். 1.618 என்ற எண்ணைக் காரின் படத்தின்மேல் சுருள் சுருளாக வரைந்து காட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. போதுமான அளவு கோடு போட்டால் அம்மிக்கல்லிலும் தங்க விகிதம் அகப்படும். விஷயம் விகிதத்தைவிடக் கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. அதைக் கையாலேயே உணர முடியும்.

ஒரு எறும்பு சின்னக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு இ-டைப்பின் முதுகின்மேல் மூக்கிலிருந்து வால்வரை போவதாக வைத்துக்கொள்வோம். நாம் பக்கவாட்டில் நின்று அந்தக் கோட்டை ஒரு சாலைபோலப் பார்க்கிறோம். சாலை நேராக இருந்தால் ஸ்டியரிங் நடுவில் அசையாமல் நிற்கும். வட்டமாக இருந்தால் ஸ்டியரிங்கை ஓர் அளவுக்கு ஒடித்து அப்படியே பிடித்துக்கொண்டால் போதும். இரண்டிலும் கைக்கு வேலை இல்லை. நீள்வட்டத்தில் மட்டும் கை ஓய்வதில்லை. நுனியை நெருங்க நெருங்க ஸ்டியரிங் கொஞ்சம் கொஞ்சமாக ஒடிந்துகொண்டே போகும். நுனியைத் தாண்டியதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். எந்த இடத்திலும் வெடுக்கென்று திருப்ப வேண்டியிராது. ஸ்டியரிங் எவ்வளவு ஒடிந்திருக்கிறது என்பதைத்தான் கணக்குக்காரர்கள் வளைவின் அளவு என்கிறார்கள்.

இப்போது ஒரு நேர்கோட்டை எடுத்து அதன் நுனியில் வட்டத்தின் ஒரு துண்டை ஒட்டுவோம். மிகத் துல்லியமாக, திசைகூட மாறாமல், தொட்டுக்கொண்டு போகும்படி ஒட்டுகிறோம். காகிதத்தில் பார்த்தால் குறை தெரியாது. ஆனால் ஒட்டிய அந்தப் புள்ளியில் எறும்பு ஒரே கணத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தாக வேண்டும். ரயில் பாதை போட்டவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதில் அடிபட்டுத் தெரிந்துகொண்டார்கள். நேர்த் தண்டவாளத்தை நேரடியாக வட்டத்தோடு சேர்த்தால், சேரும் இடத்தில் பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் பயணிகளை ஒருவர்மேல் ஒருவர் தள்ளும். அதனால் இரண்டுக்கும் இடையில், வளைவு சிறுகச் சிறுக ஏறும் ஓர் இடைவளைவைப் போட்டார்கள். இன்றைக்கும் ரயில் ஒரு வளைவுக்குள் நுழைவதை நாம் சாய்ந்த பிறகுதான் உணர்கிறோம் என்றால், அந்த இடைவளைவைப் போட்டவர்களின் கைங்கரியம் அது.

உடம்பு உணரும் அந்தக் குலுக்கலைக் கண்ணும் உணரும். ட்யூப்லைட் இங்கேதான் வருகிறது. பளபளக்கும் தகட்டுக்குச் சொந்த முகம் கிடையாது. அதில் நாம் பார்ப்பது வானம், தெருவிளக்கு, வேப்பமரம், எதிர்வீட்டுச் சுவர். அவற்றை எப்படி வளைத்துக் காட்டுவது என்பதை மட்டுமே தகடு தீர்மானிக்கிறது. ஒளி எந்தப் பக்கம் திரும்பும் என்பது பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே பரப்பில் பதுங்கியிருக்கும் பிழையை எதிரொளி ஒரு படி பெரிதாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு தகடுகள் தொட மட்டும் செய்து, திசையில் ஒத்துப்போகாவிட்டால், ஒளிக்கோடு அங்கே துண்டாகிவிடும். திசையும் ஒத்து, வளைவின் அளவு ஒத்துப்போகாவிட்டால், கோடு சேரும். ஆனால் சேரும் இடத்தில் முழங்கை மடங்கும். வளைவும் ஒத்தால்தான் கோடு வழுக்கிக்கொண்டு போகும். பெரிய கார் கம்பெனிகளில் பரப்பைத் தேர்வு செய்வதற்கென்றே நீள நீளமாக விளக்குகள் வரிசையாகத் தொங்கும் கூடங்கள் உண்டு. கணினித் திரையிலும் அதே சோதனைதான். உருவத்தின்மேல் வரிக்குதிரை போலக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் போர்த்தி, அவை எங்கே திக்குகின்றன என்று பார்ப்பார்கள். இந்தச் சோதனையில் தேறும் பரப்புக்கு ‘ஏ வகுப்பு’ என்று பெயர். எங்கள் மேஸ்திரியும் ஏ வகுப்புதான் என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். பில் விஷயத்தில் அவரைச் சந்தேகித்ததற்காகக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

ஆனால் சேயரிடம் ஒரு புதிர் உண்டு. அவர் கணக்குப் போட்டது கண்ணுக்காக அல்ல, காற்றுக்காக. காற்று தகட்டை ஒட்டிக்கொண்டே போக வேண்டும், எங்கும் பிய்த்துக்கொண்டு சுழலக் கூடாது என்பதுதான் அவர் கவலை. அந்தக் காற்று அவருக்கு என்ன பரிசு கொடுத்தது? இ-டைப்பின் காற்றுத் தடைக் குணகம் என்று பரவலாகச் சொல்லப்படும் எண் 0.44. இன்று பால் வாங்கப் போகும் சாதாரணக் குடும்பக் கார்கள் பலவும் 0.30-ஐ ஒட்டி நிற்கின்றன. அதாவது, காற்றுக்காக வரைந்த அந்த உடல் காற்றிடம் வாங்கிய மதிப்பெண் பிரமாதமில்லை. கேட்காத இடத்தில்தான் பரிசு கிடைத்தது. 1996-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நீல நிற இ-டைப் ஒன்றைத் தன் நிரந்தரச் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ‘ஸ்டைலிஸ்ட்’ என்ற சொல்லை வெறுத்தவர் 1970-லேயே, ஐம்பத்து மூன்று வயதில், இறந்துபோயிருந்தார்.

காற்றுக்கு உகந்தது எதுவோ அதுவே அழகு என்று ஒரு வசதியான விளக்கம் புழக்கத்தில் இருக்கிறது. அந்த 0.44 அதைக் கலைத்துவிடுகிறது. அப்படியென்றால் சேயரின் மடக்கை அட்டவணை உண்மையில் எதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது?

இதற்குக் கொஞ்சம் பழைய தொழில் ஒன்றுக்குப் போக வேண்டும். ஐரோப்பாவில் கப்பல் கட்டியவர்கள் கப்பலின் வளைவுகளை ஒரு பெரிய கூடத்தின் தரையில் முழு அளவிலேயே வரைவார்கள். அவ்வளவு பெரிய வளைவுக்குக் கவராயம் கிடையாது. மெல்லிய நீண்ட மரச்சட்டம் ஒன்றை எடுத்து, அது போக வேண்டிய புள்ளிகளில் ஈயக் கட்டிகளை வைத்து வளைத்து நிறுத்துவார்கள். பிறகு அந்தச் சட்டத்தை ஒட்டிப் பென்சிலை ஓட்டுவார்கள். சட்டத்தின் பெயர் ஸ்ப்லைன். மூக்கு நீண்ட அந்த ஈயக் கட்டிகளுக்கு ‘வாத்து’ என்று செல்லப் பெயர். விமானம் வரைந்தவர்களும் பிறகு கார் வரைந்தவர்களும் அதையே மேசைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு வாத்துகளுக்கு நடுவில் சட்டம் எந்த வழியாகப் போகும் என்பதை வரைபவர் தீர்மானிப்பதில்லை, மரம் தீர்மானிக்கிறது. இருக்கிற வழிகளிலேயே எதில் மிகக் குறைவாக வளைய வேண்டியிருக்குமோ அந்த வழியில் அது போய் நிற்கும். வளைந்த கீற்றின் இந்தச் சிக்கனத்தை 1744-லேயே ஆய்லர் கணக்கில் பிடித்தார். சட்டத்தின் பெயரையே எடுத்து 1946-இல் ஷோன்பெர்க் என்ற கணிதர் ஒரு வகைச் சமன்பாடுகளுக்குச் சூட்டினார். இன்று ஸ்ப்லைன் என்றால் அந்தச் சமன்பாடுதான். மரச்சட்டத்தை அருங்காட்சியகத்தில்தான் தேட வேண்டும்.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் இருந்தது. எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் மிகப் பிடித்த இடம் அதுதான். கோடு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, வரைபவர் ஒரு வாத்தை மட்டும் மெல்லத் தூக்குவார். சட்டம் சட்டென்று துள்ளி வேறு இடத்துக்குப் போனால், அந்த வாத்து அதை வலுக்கட்டாயமாகப் பிடித்துவைத்திருந்தது என்று பொருள். புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி வைப்பார். அடுத்த வாத்தைத் தூக்குவார். எந்த வாத்தைத் தூக்கினாலும் சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும்வரை இது நடக்கும்.

எடையை எடுத்த பிறகும் அசையாமல் நிற்கும் கோடு. சேயரின் எண் பத்திகள் தேடியது இதைத்தான் என்று நினைக்கிறேன். காற்று அவருக்கு ஒரு சாக்கு. எந்தப் புள்ளியும் கட்டாயத்தின் பேரில் அங்கே இல்லாதபடி ஓர் உடலைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு அவருக்குத் தெரிந்த வழி நீள்வட்டச் சூத்திரம். ஒரு சூத்திரத்திலிருந்து வரும் புள்ளிகளில் எதுவும் தனியாகப் பிடிவாதம் பிடிப்பதில்லை. ஒன்றை அழித்துவிட்டாலும் மற்றவை சேர்ந்து அதைத் திரும்ப வரவழைத்துவிடும்.

அதே காலத்தில் ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், இதே விஷயத்தை வேறு பக்கத்திலிருந்து குடைந்துகொண்டிருந்தார்கள். சித்ரோவன் கம்பெனியில் 1958-இல் சேர்ந்த இளம் கணிதர் பால் தெ காஸ்தெல்ழோ. ரெனோ கம்பெனியில் பியேர் பெஸியே. பெஸியே கணிதர் அல்ல, பட்டறைப் பொறியாளர், ஐம்பதை எட்டியவர். அவரை உறுத்தியது ஒரு நடைமுறைச் சண்டை. வடிவமைப்பவர் களிமண்ணில் ஒரு மாதிரி செய்வார். அதை அளந்து ஒருவர் வரைவார். வரைபடத்தைப் பார்த்து ஒருவர் மரத்தில் செதுக்குவார். அதைப் பார்த்து ஒருவர் அச்சு செய்வார். கைமாறக் கைமாறக் கோடு தேயும். கடைசியில் வந்த கதவைப் பார்த்து ‘இது நான் செய்ததே இல்லை’ என்பார் முதலாமவர். ஆளுக்கு ஆள் மாறாத, எண்ணால் சொல்லக்கூடிய ஒரு வளைவு வேண்டும் என்று பெஸியே தேடினார்.

இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே. அதைச் சொல்லக் கணிதம் தேவையில்லை, பள்ளிக்கூடத்துக் கைவேலை போதும். பலகையில் ‘ட’ வடிவில் ஆணி அடித்து, ஒரு கையின் முதல் ஆணியை மறு கையின் கடைசி ஆணியோடு, இரண்டாவதை அதற்கு முந்தியதோடு என்று நூல் கட்டிக்கொண்டு போவோமே, அதே வேலைதான். கட்டியது எல்லாம் நேர் நூல். முடித்துவிட்டுப் பார்த்தால் நடுவில் ஒரு வளைவு நிற்கும். யாரும் கட்டாத வளைவு. தெ காஸ்தெல்ழோவின் முறையும் இதுவே. சில புள்ளிகளை வைத்து நேர்கோட்டால் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கோட்டையும் ஒரே விகிதத்தில் பிரித்து, பிரித்த புள்ளிகளை மறுபடி சேர்க்க வேண்டும். அவற்றையும் அதே விகிதத்தில் பிரிக்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் ஒற்றைப் புள்ளி வளைவின்மேல் இருக்கும். விகிதத்தை மாற்றிக்கொண்டே போனால் அந்தப் புள்ளி நடந்து வளைவை வரைந்துவிடும். 1959-லேயே இதை எழுதிக் கொடுத்துவிட்டார். சித்ரோவன் அதைத் தொழில் ரகசியமாகப் பூட்டிவைத்தது. ரெனோ வெளியில் பேச விட்டது. ஆகவே வளைவுக்கு பெஸியே பெயர் நின்றுவிட்டது. உலகத்தில் பெயர் கிடைப்பதற்குப் பல நேரம் முதலாளியின் மனநிலையும் காரணம்.

இந்த வளைவில் கவனிக்க ஒன்று உண்டு. வடிவமைப்பவர் வைக்கும் புள்ளிகளில் முதலும் கடைசியும் மட்டுமே வளைவின்மேல் இருக்கும். நடுவில் உள்ளவை வெளியே நின்று இழுக்கும். வளைவு அவற்றை நோக்கிச் சாயும், தொடாது. ஈய வாத்து சட்டத்தைப் பிடித்து நிறுத்தியது. பெஸியேயின் புள்ளி பிடிப்பதில்லை, அழைக்கிறது. ஒரு புள்ளியை நகர்த்தினால் அந்த இடம் மட்டும் மாறாது, முழு வளைவும் கொஞ்சம் இடம் பெயரும்.

நீங்கள் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் எழுத்துகளும் அப்படிப் பிறந்தவைதான். கணினி எழுத்துருக்கள் பெரும்பாலும் பெஸியே வளைவுகளால் ஆனவை. ரோமன் எழுத்தில் பாதி குச்சி. நமக்கு அப்படி இல்லை. ‘ஞ’வின் சுழியும் ‘ழ’வின் வால் திருப்பமும் ‘ணை’யின் கொம்பும், பாரிஸ் கார்த் தொழிற்சாலைகளில் கதவுத் தகடு அச்சுக்கு மாறாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் கண்ட கணக்கின்மேல் உருண்டுகொண்டிருக்கின்றன. எழுத்துரு செய்கிற நண்பர் ஒருவர், ‘இ’யின் முதல் சுழியைச் சரி செய்ய உட்கார்ந்து கடைசியில் எழுத்து முழுவதையும் மாற்றிவிட்டு எழுந்த கதையைச் சொல்லியிருக்கிறார். அப்போது சிரித்தேன்.

வளைவையே துறந்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். இத்தாலியில் பெர்த்தோனே நிறுவனத்தின் மார்செல்லோ காந்தினி. 1966-இல் லம்போர்கினி மியூராவைப் பெண் புலிபோல உருட்டிச் செய்த அதே கை, 1971-இல் ஜெனீவாவில் கவுண்டாஷ் என்ற மஞ்சள் ஆப்பைக் கொண்டுவந்து நிறுத்தியது. மூக்கிலிருந்து கூரைவரை ஒரே சாய்கோடு. பக்கமெல்லாம் சரிவகம். பின் சக்கரத்தின் மேல்விளிம்பைக்கூட வட்டமாக விடாமல் சாய்த்து வெட்டியிருந்தார். அளவுகோலால் மட்டுமே வரைந்ததுபோல இருக்கும். (என்ஜின் சூட்டைத் தாங்க முடியாமல், விற்பனைக்கு வரும்போது தோளில் இரண்டு பெரிய காற்றுப் பெட்டிகளை ஏற்ற வேண்டிவந்தது தனிக் கதை.) எனக்கு இந்தக் காரின்மேல் பெரிய ஆசை இல்லை. இருந்தாலும் அது கற்றுத்தரும் பாடம் ஒன்று உண்டு. தட்டையாகத் தெரியும் தகட்டை உண்மையாகவே தட்டையாக அடித்தால், கண்ணுக்கு அது குழிந்து தெரியும். தட்டினால் தகர டப்பா போல அதிரவும் செய்யும். அதனால் கார்த் தகட்டில் ‘நேர்’ என்று நாம் நம்புவதெல்லாம் மிக லேசாகப் புடைத்தவை. ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலின் தூண்கள் நடுவில் சற்றே பருத்திருப்பதும் அடித்தளம் நடுவில் சற்றே எழும்பியிருப்பதும் இந்த ரகம்தான். நேர்க்கோடாகத் தெரிவதற்கே கொஞ்சம் வளைய வேண்டியிருக்கிறது.

இத்தனையையும் சேர்த்து யோசித்தபோதுதான் மேஸ்திரியின் பட்டி எனக்கு விளங்கத் தொடங்கியது. ஒரு புள்ளியைக் காட்டி, ‘இது எவ்வளவு வளைந்திருக்கிறது?’ என்று கேட்டால் பதில் கிடையாது. புள்ளிக்கு இடம் உண்டு, வளைவு கிடையாது. இரண்டு புள்ளி இருந்தால் திசை தெரியும். மூன்று புள்ளி இருந்தால்தான் அவற்றின் வழியாக ஒரு வட்டம் போகும், வளைவு என்ற பேச்சே அங்கேதான் பிறக்கும். கணிதம் வளைவை வரையறுப்பதும் இப்படித்தான், அக்கம்பக்கத்துப் புள்ளிகளை நெருக்கி நெருக்கிக் கொண்டுவந்து. வளைவு எந்தப் புள்ளியின் சொத்தும் அல்ல. முன்னால் வந்ததற்கும் பின்னால் வரப்போவதற்கும் நடுவில் இருக்கும் உறவு அது. ஆகவே கோடு ஓரிடத்தில் உடைகிறது என்றால், உடைவு அங்கே தெரிகிறது என்றுதான் அர்த்தம். பிழை அங்கே இல்லை. அந்த இடத்தை எவ்வளவு தேய்த்தாலும் பூசினாலும் அது போகாது. ஒரு முழம் முன்னாலேயே தகடு திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும், தொடங்கவில்லை. அதுதான் பிழை.

கண்ணுக்கு இது எப்படித் தெரிகிறது? கண் ஒரு கோட்டின்மேல் போகும்போது பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் நிற்பதில்லை. ஒரு அடி முன்னால் போய்க் காத்திருக்கிறது. இதுவரை வந்த விதத்தை வைத்து இனி வரும் விதத்தை ஊகித்துக்கொண்டே போகிறது. வட்டமும் நேர்கோடும் அந்த ஊகத்துக்கு எந்த வேலையும் கொடுப்பதில்லை, அதனால் கண் அவற்றைச் சீக்கிரம் விட்டுவிடும். முறிவு ஊகத்தை ஏமாற்றும், கண் அங்கே தடுக்கி விழும். சேயரின் பானட்டின்மேல் ஊகம் ஒவ்வொரு கணமும் கொஞ்சம் திருத்தப்படுகிறது, ஒரு கணமும் ஏமாற்றப்படுவதில்லை. இ-டைப் ரசிகர்கள் எதற்காகத் துக்கம் அனுஷ்டிக்கிறார்கள் என்பதும் எனக்கு இப்போது புரிகிறது. அமெரிக்காவின் புதிய பாதுகாப்பு விதிகளால், 1960-களின் கடைசியில் விளக்குகளின் கண்ணாடி மூடியை எடுக்க வேண்டிவந்தது. போனது இரண்டு துண்டுக் கண்ணாடி. ஆனால் அந்த இடத்துக்கு வரும்போது கண் ஒரு குழிக்குள் இறங்கி ஏறுகிறது. அதுவரை வந்த பானட்டின் நீளமே அதனால் பொய்யாகிவிட்டதுபோல ஆகிறது. மாறியது சிறிய இடம்தான், ஆனால் கார் மாறிவிட்டது.

கார்களோடு இது நிற்கிறதா என்று தெரியவில்லை. வீட்டில் பல வருஷம் பேச்சுவார்த்தை அறுந்திருந்த இரண்டு பெரியவர்கள் எங்கள் குடும்பத்தில் உண்டு. அறுந்தது ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளியை யார் முதலில் எங்கே கொண்டுபோனார்கள் என்ற விவகாரத்தில். எல்லோரும் அந்தப் பந்தியைப் பற்றியே சமாதானம் பேசினார்கள். வாளி நடந்த திசையை இன்றும் வரைந்து காட்டக்கூடியவர்கள் இருக்கிறார்கள். ஒடுக்கின்மேலேயே பட்டி வைத்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் ஒரு வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் விட்டுப்போனது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அங்கிருந்து தொடங்கி எவ்வளவு தூரம் தேய்த்துக்கொண்டு வர வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தழும்பு நின்றுவிட்டது.

கார் தயாரானதும் மேஸ்திரி இரவு வரச் சொன்னார். பகலில் எல்லாம் அழகாகத்தான் தெரியும் என்பது அவர் கட்சி. பட்டறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, நீண்ட ஒயரில் கட்டிய ஒற்றை ட்யூப்லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். “குனிஞ்சு பாருங்க சார்.” நான் கதவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விளக்கை மெல்ல நகர்த்திக்கொண்டு நடந்தார். வெள்ளைக் கோடு முன் மட்கார்டிலிருந்து கிளம்பிக் கதவின் இடைவெளியைத் தாண்டி, கதவு முழுக்க வழுக்கி, பின்பக்கத் தகட்டில் ஏறி மறைந்தது. திரும்பவும் ஒருமுறை அதே வழியில் வந்தது.

ஒடுக்கு இருந்த இடம் எது என்று கேட்டேன். விளக்கைப் பிடித்தபடியே விரலை நீட்டி ஓரிடத்தைக் காட்டினார். பிறகு கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தைக் காட்டினார். அப்புறம் சிரித்துக்கொண்டே ஸ்விட்சை அணைக்கப் போய்விட்டார்.